பேசாமல் தைத்த போர்வை

1

டங்... டங்... டங்...

வெண்கல மணி. அதை அடித்த சிஸ்டரின் தலையைவிடப் பெரியது. சரோஜம்மாள் பாதி வாக்கியத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்தது இது: "ஏமே, இந்த ரூம்ல ஃபேன் சுவிட்சு எங்—"

அந்த "கே" ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வெளியே வந்தது.

முதல் வரியிலேயே ஒரு சத்தம் கேட்க வேண்டும் என்பது வார இதழ்களில் நான் கற்ற பாடம். என் தொடர்களில் கண்ணாடி டம்ளர் உடைந்திருக்கிறது, லாரி பிரேக் கிறீச்சிட்டிருக்கிறது, ஆளில்லாத வீட்டில் காலிங் பெல் அடித்திருக்கிறது. எல்லாமே நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த சத்தங்கள். இந்த மணி மட்டும் நிஜம். இந்தக் கதை பிறந்ததும் அந்த மணியில்தான். அது அடித்திருக்காவிட்டால் நாங்கள் நாலு பேரும் பேசிக்கொண்டே தைத்துவிட்டு, பேசிக்கொண்டே ஊர் திரும்பியிருப்போம். சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

சிக்கலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாலு பேரில் ஒருத்திக்குத் தெரியாமல் மற்ற மூவரும் ஒரு காரியம் செய்தோம். அவள் பெயர் மேகலா. நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பவள். இந்தக் கதை அச்சில் வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவள் எங்களோடு வந்து உட்காருவாளா, ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாளா?

அது தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் ஆட்களைச் சொல்ல வேண்டும்.

டெல்சி, கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓசூர் பக்கம் மத்திகிரியில் அவர் வீட்டு மாடியில்தான் சனிக்கிழமைதோறும் கூடுகிறோம். அவர் ஊசி பிடித்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வரும்.

சரோஜம்மாள், பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் திட்டுவார்.

மேகலா, ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் ஒரு கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தப்பிருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அம்பு விழுந்த சட்டைக்கு 'ஆல்டர்' என்று பெயர். பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். அம்பு இல்லாவிட்டால் பாஸ்.

நாலாவது நான்.

நாங்கள் தைப்பது துண்டுத் துணிகளை ஒட்டிச் செய்யும் போர்வை. மேலே பல நிறத் துண்டுகள், நடுவில் பழைய பருத்திப் புடவை, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல். இதற்குக் கன்னடத்தில் கவுதி என்று பெயர் உண்டு. தெலுங்கில் பொந்த. தமிழில் என்ன என்று நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில் வாட்ஸப் குழுவுக்கு 'பொந்த கேங்' என்று பெயர் வைத்துவிட்டு டீ குடித்தோம்.

[டெல்சி இந்தப் பகுதியைப் படித்துவிட்டு எழுதியது: "நான் சண்டை போடவில்லை. 'ஒட்டுப்போர்வை' என்று எடுத்துச் சொன்னேன்." சரோஜம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னது: "மூணு பாஷைல திட்டுவேன்னு போட்டிருக்கியே, நாலாவதா இந்தியும் வரும்னு போடு." இவர்கள் இருவரும் பக்கம் பக்கமாகப் படித்தும் கேட்டும் வருகிறார்கள். மேகலாவுக்கு இன்னும் காட்டவில்லை.]

3

கதையின் அச்சாணி ஒரு சொல்.

சரோஜம்மாளின் மருமகள் சுசித்ரா எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் ஒரு வீடியோவைக் காட்டினாள். வெளிநாட்டில் எங்கேயோ பெண்கள் கும்பலாகக் கிளம்பி மலை வீட்டில் போய்த் தங்குகிறார்கள். நாள் முழுக்கப் போர்வை தைக்கிறார்கள். சிரிக்கிறார்கள், கேக் சாப்பிடுகிறார்கள், கண்ணாடிக் கோப்பையில் எதையோ குடிக்கிறார்கள்.

"இதுக்குப் பேரு க்வில்ட்டிங் ரிட்ரீட் ஆன்ட்டி. நீங்களும் போங்களேன்."

"போலாமே! ஒரே பொந்தய நாலு பேரும் சேந்து தெக்கலாம்" என்றார் சரோஜம்மாள். "ஆளுக்கு மூணு மாசம் போத்திக்கலாம்."

"ரிட்ரீட்தானே? இடம் நான் பாத்துக்கறேன்" என்றார் டெல்சி.

அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஐம்பது வருடமாக மாதா கோயிலுக்குப் போகும் டெல்சிக்கு ரிட்ரீட் என்றால் ஒரே அர்த்தம்தான், தியானம். அவர் போன் செய்து இடம் பிடித்தது தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, அஞ்செட்டி போகும் வழியில் காட்டோரமாக இருக்கும் ஒரு தியான இல்லத்தில். மவுன தியானம். வெள்ளி சாயங்காலம் மணி அடித்தால் ஞாயிறு மத்தியானம் மறுபடி அடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. போனை வாசலில் ஒரு மூங்கில் கூடையில் போட்டுவிட வேண்டும்.

"தையல் வேலைக்குத் தடையில்லை" என்று சிஸ்டர் அன்பாகச் சொன்னார். "பேச்சு மட்டும்தான்."

"டீச்சர், அந்த வீடியோல எல்லாரும் சிரிச்சுக்கினு இருந்தாங்களே, பாக்கலயா?" என்று மேகலா கேட்டாள்.

"சவுண்டு இல்லாமதானே பாத்தேன்" என்றார் டெல்சி.

4

இங்கே ஓர் ஒப்புதல். மேகலாவை எப்படிக் கதைக்குள் கொண்டுவருவது என்று தெரியாமல் மூன்று ஆரம்பங்கள் எழுதினேன். மூன்றையும் விட்டுவிட்டேன். கிடக்கட்டும், நீங்களும் பாருங்கள்.

ஒன்று: மேகலாவின் கண்களில் ஒரு சோகம் நிழலாடியது. அதை மறைக்க அவள்—

(பொய். அவள் கண்ணில் நிழலாடுவது பெரும்பாலும் தூக்கம். ஷிப்ட் அப்படி.)

இரண்டு: தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்த அந்த இளம்பெண் இருபது வருடங்களில்—

(இதை எழுதினால் அது இன்னொரு தொடர்.)

மூன்று: "அக்கா, உன் கதாநாயகி ஏழாம் வாரத்துல பச்சைப் புடவைல பஸ் ஏறி, எட்டாம் வாரத்துல மஞ்சப் புடவைல எறங்கறா. நடுவுல எங்க மாத்துனா?"

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன். என் தொடர் வரும் வாரம் முழுக்க மேகலா அந்தப் பக்கத்தில் அம்பு ஒட்டிக்கொண்டிருப்பாள். கம்பெனியில் மிஞ்சும் ஸ்டிக்கர் தாள் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். சனிக்கிழமைகளில் எங்கள் தையலிலும் அம்பு விழும். என் பக்கம் அம்மை போட்டது போல இருக்கும். டெல்சியின் வரியில் மட்டும் ஒரு நாளும் விழுந்ததில்லை. "டீச்சர் பாஸ்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

வெள்ளிக்கிழமை சரோஜம்மாள் வீட்டு வண்டியில் கிளம்பினோம். பெங்களூருக்கு ரோஜா ஏற்றும் வண்டி. டிரைவர் பாலாஜி, பூ அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே ஜமுக்காளம் விரித்துக் கொடுத்தான். தளி ரோடு தாண்டியதும் மேகலா கைப்பையைத் திறந்து அந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ வெச்சுக்கக்கா."

"எனக்கு எதுக்குடி?"

"இருக்கட்டும். உன் கதைக்கு நீயே ஒட்டிக்க. இனிமே எனக்கு எதுக்கு?"

அம்புக்குத் தப்பித்த சந்தோஷத்தில் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டேன். "இனிமே" என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. ஜமுக்காளத்தை மீறி ஒரு ரோஜா முள் குத்திக்கொண்டிருந்தது. கவனம் அங்கே இருந்தது.

5

பேச்சு நின்றால் என்னவெல்லாம் கேட்கிறது! சமையலறையில் கேழ்வரகுக் களி கிண்டும் துடுப்பு கேட்டது. யானை வராமல் இருக்கப் போட்ட மின்வேலியில் ஏதோ 'டிக்' என்பது கேட்டது. சாப்பாட்டில் உப்பு வேண்டுமென்று சரோஜம்மாள் கையால் கேட்டார். டெல்சி மோர் கொடுத்தார். மறுபடி கேட்டார். ஊறுகாய் வந்தது. மூன்றாம் முறை அவர் எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டு, வாயசைத்து ஏதோ சொன்னார். அது எந்த மொழி என்று தெரியவில்லை. தியானம் சார்ந்தது அல்ல.

சனிக்கிழமை காலை நீள ஹாலில் பாய் விரித்துப் போர்வையை நடுவில் போட்டோம். கவுதித் தையலை ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே உள்ளே வர வேண்டும். நாலு பேர் நாலு பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் என் வரியின் முனையும் பக்கத்து ஆளின் வரியின் முனையும் மூலையில் சந்திக்க வேண்டும். என் இடது பக்கம் சரோஜம்மாள். வலது பக்கம் மேகலா. எதிரே டெல்சி.

ஒரு சுற்று முடிந்தது. என் வரி மூலைக்கு வந்தது. மேகலாவின் வரி வரவில்லை.

அது விரற்கடை தள்ளி, வேறெங்கோ போய் நின்றிருந்தது.

நான் நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தேன். அவள் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். ஊசிக்காதுக்கு அருகே நூல் போகும், நடுங்கும், விலகும். மறுபடி போகும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு கையும் நடுங்கின.

எனக்கு அப்போதுதான் பல சனிக்கிழமைகள் ஒன்றாக நினைவுக்கு வந்தன. "அக்கா, கொஞ்சம் கோத்துக் குடு, நான் கதை சொல்லிக்கினு இருக்கேன்ல?" "டீச்சர், இந்த மூலைய நீங்க பாருங்க, உங்களுக்கும் வேலை வேணாமா?" நாங்கள் சிரித்துக்கொண்டே கோர்த்துக் கொடுத்தோம். அவள் பேச்சில் நாங்கள் கையைப் பார்க்கவில்லை. இப்போது பேச்சு இல்லை. அந்தக் கையை எதைக் கொண்டும் அவளால் மறைக்க முடியவில்லை.

அவள் அந்த வரியைப் பிரித்தாள். செக்கர் அல்லவா. திரும்பத் தைத்தாள். முதல் தடவையைவிடக் கோணலாக வந்தது. அதையும் பிரித்தாள். பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, போர்வையின் தன் பக்கத்தைச் சுருட்டி மடிமேல் போட்டு மூடிக்கொண்டாள். நேரே வெளியே கேழ்வரகுக் காட்டைப் பார்த்தாள்.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. அவள் நோய்க்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. வார இதழ்க் கதையில் நோய்க்குப் பெயர் வைத்தால் உடனே டாக்டர் வருவார். டாக்டர் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினால் எல்லோரும் அழ வேண்டும். நடந்தது அப்படி இல்லை.

அன்றைக்குப் பேச முடிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். "என்னடி ஆச்சு? டாக்டர பாத்தியா? நீ தெக்காத, சும்மா உக்காரு" என்றிருப்பேன். அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். அடுத்த சனிக்கிழமை வேலை இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பியிருப்பாள். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

பேச முடியவில்லை. அதனால் தைத்தேன்.

கோணலாகத் தைத்தேன். எனக்கு அது சும்மாவே வரும். இந்த முறை கொஞ்சம் கூடுதலாக. என் வரியை மூலையிலிருந்து இழுத்து, மேகலா பிரித்த வரியின் ஊசித் தடம் எங்கே முடிந்திருந்ததோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் மறுபடி தைத்தால் இரண்டு வரியும் அங்கே சந்திக்கும். மூலையில் இல்லை, அவ்வளவுதான்.

6

இனி நான் எழுதப்போவதை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் நம்ப மாட்டார். "மூன்று பேரும் பேசிக்கொள்ளாமல் ஒரே காரியத்தைச் செய்தார்களா? வாசகர்கள் ஏற்க மாட்டார்கள்" என்று ஓரத்தில் எழுதிவிடுவார்.

ஏற்காதீர்கள். எனக்கே ஞாயிற்றுக்கிழமைவரை தெரியாது.

சனி மத்தியானம் பார்த்தபோது சரோஜம்மாள் கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தன் மருமகளையே அடையாளம் தெரியாது. வெயிலில் கண் கூசுகிறதாக்கும் என்று நினைத்தேன். டெல்சியைப் பார்த்தேன். கொதிக்கும் எண்ணெயில் கைவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தையலுக்கும் முகம் சுளித்தார். முதுகுவலி என்று நினைத்தேன்.

மேகலா ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பிப் போர்வையைப் பார்த்தாள். எங்கள் பக்கம் பார்த்த மாதிரி தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மடியில் சுருட்டியிருந்ததை எடுத்து மறுபடி பாய்மேல் விரித்தாள். ஊசியை எடுத்தாள். தைத்தாள். பிரிக்கவில்லை. வெயில் நகர்ந்து வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. அதனால்தான் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றும் மறுநாளும் நாலு பக்கத்திலிருந்தும் சுற்றுகள் உள்ளே வந்தன. ஆற்றுத் தண்ணீர் போல வளைந்து வளைந்து. நடுவில் கடைசிச் சதுரத்தில் நாலு ஊசிகளும் முட்டிக்கொண்டபோது மணி அடித்தது.

டங்... டங்... டங்...

"—கே இருக்குது?" என்றார் சரோஜம்மாள்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் ஓடி வந்து பார்த்தார். மேகலா பாயிலேயே படுத்துப் புரண்டாள். "ரெண்டு நாளா அந்த சுவிட்ச வாயிலயா வெச்சிருந்தீங்க?"

"சாலு சாலு, போதும்! மொதல்ல அந்த மோர் குடுத்தாங்களே டீச்சரு, அவங்கள கேக்கணும். உப்புக்கு இப்படித்தான கைய காட்டுவாங்க? மோருக்கு யாராவது இப்படிக் காட்டுவாங்களா?"

திரும்பும் வழியில் குருபரப்பள்ளியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். சூடாகப் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டே மேகலா கேட்டாள்.

"அக்கா, அந்த ஸ்டிக்கர் தாள் எங்க?"

"என்கிட்டதான் இருக்கு."

"குடு."

"இனிமே எதுக்குன்னு சொன்ன?"

"வேணும், குடுக்கா" என்று பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை கம்பெனிக்கு வேண்டுமாக்கும் என்று நினைத்தேன்.

அவளை வீட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் வண்டிக்குள் விஷயம் வெளியே வந்தது.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார் டெல்சி, வெளியே பார்த்துக்கொண்டு. "போர்வைய கெடுத்துட்டேன். வேணும்னே."

"நீங்களுமா?" என்றேன்.

"ஏமே, நீங்க ரெண்டு பேருமா?" என்றார் சரோஜம்மாள். "நான் கண்ணாடிய கழட்டிட்டு தெச்சேன். போட்டுக்கினா நேரா வந்துடுதே!"

"முப்பத்தாறு வருஷம் பிள்ளைங்க கைல ஸ்கேலால தட்டியிருக்கேன், கோணலா தெச்சதுக்கு" என்றார் டெல்சி. "கோயில்ல பாவத்தையெல்லாம் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்றப்ப இத சொல்லணுமா வேணாமான்னு சாமியாரையே கேக்கணும்."

[சரோஜம்மாள் இந்த இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னார். "அப்பறம் நாங்க மூணு பேரும் அழுதம்னு எழுதுவ. எழுதாத." எழுதவில்லை.]

7

இப்போது முடிவு. மூன்று முடிவுகள் கையில் இருக்கின்றன.

முதல் முடிவு, பத்திரிகைக்குப் பிடித்தது. மேகலா உண்மையைத் தெரிந்துகொள்கிறாள். போர்வையைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விடுகிறாள். "உங்களைப் போல் தோழிகள் கிடைக்க நான் என்ன—" (விட்டுவிட்டேன். இந்த வசனத்தை மேகலா படித்தால் தாள் முழுக்க அம்பு ஒட்டுவாள்.)

இரண்டாவது, அவளுக்குக் கடைசிவரை தெரியாது. போர்வை நாலு வீட்டிலும் சுற்றி வருகிறது. இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுதி அச்சில் போட்ட அந்த வாரமே இது பொய்யாகிவிடும். அவள் படிப்பாள்.

மூன்றாவது, அவளுக்குத் தெரிகிறது, கோபம் வருகிறது. "என்மேல பரிதாபப்பட்டீங்களா?" என்று கேட்கிறாள். சனிக்கிழமைகள் நின்றுபோகின்றன. இதை எழுத உட்கார்ந்தபோது என் கை நகரவில்லை.

கதையே வேண்டாம் என்று கிழித்துப் போடலாமா? அதையும் யோசித்தேன். மற்ற இருவரிடமும் கேட்டேன்.

"சொல்லாதே" என்றார் டெல்சி. "அவ மனசு நொந்துபோவும்."

"சொல்லிடு" என்றார் சரோஜம்மாள். "மூணு பேரு ஒரு பக்கம், அவ ஒருத்தி ஒரு பக்கமா? அது என்னா கேங்கு?"

சரோஜம்மாள் சொன்னதுதான் என்னை உறுத்தியது. நாலு பேர் தைத்த போர்வை. அதைப் பற்றி மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு கதை.

ஆகவே நான் முடிவு எழுதவில்லை. மேலே உள்ள மூன்றில் எது என்று நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். அவள் கை இனி என்ன ஆகும், எத்தனை சனிக்கிழமைகள் ஊசி பிடிப்பாள் என்பதும் எனக்குத் தெரியாது. நீங்கள் நல்லதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். நான் செய்யப்போவது ஒன்றுதான். ஒன்று முதல் ஏழு வரை எழுதிய தாள்களை, பத்திரிகைக்கு அனுப்பும் முன், மேகலாவிடம் கொண்டுபோகப்போகிறேன்.

8

போர்வை முதல் மூன்று மாதம் என்னிடம் இருந்தது. அடுத்து மேகலாவின் முறை. அதையும் தூக்கிக்கொண்டு சிப்காட் பக்கம் அவள் போர்ஷனுக்குப் போனேன். மொட்டை மாடியில் யாரோ வத்தல் காயப்போட்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருந்தார்.

"புதுக் கதையா? குடு குடு" என்று வாங்கினாள். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு டீ கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தாள் அவள் கையில் லேசாகப் படபடத்தது. அதை அவள் மறைக்கவில்லை. தொடைமேல் வைத்து, விரலை வரிக்கடியில் ஓட்டிப் படித்தாள்.

நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அது ஆறிப்போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

ஒரு அம்பு உரிக்கப்படும் சத்தம். ஸ்டிக்கர் அவள் விரலில் ஒட்டிக்கொண்டு ஆடியது. தாளில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னடி?" என்றேன்.

"அஞ்செட்டில இருந்து ஓசூர் வர்றதுக்குக் குருபரப்பள்ளி எங்கக்கா வந்துச்சு? அது கிருஷ்ணகிரி போற ரோட்டுல கீது. நாம டீ குடிச்சது தேன்கனிக்கோட்டைல."

"அது... பேரு நல்லா இருக்குன்னு போட்டேன்."

"பேரு நல்லா இருந்தா வண்டிய நாப்பது கிலோமீட்டர் சுத்த விடுவியா? பாலாஜி திட்டப்போறான்." பக்கத்தைத் திருப்பினாள். "சரோஜம்மா மோர் கேட்டது சூப்பரு."

"உப்பு."

"உப்புதான்."

 ஏழாம் பகுதியின் கடைசித் தாளைப் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. எல்லாவற்றையும் அடுக்கித் தட்டி மேசைமேல் வைத்தாள்.

"நோய்க்குப் பேரு வெக்கல. நல்லது" என்றாள். "டாக்டர நானே பாத்துக்கினுதான் இருக்கேன். கம்பெனில வேற டேபிள் கேட்டிருக்கேன்."

"மேகலா..."

"கொஞ்சம் இருக்கா."

எழுந்து போய்ப் போர்வையைப் பிரித்துக் கட்டில்மேல் விரித்தாள். கம்பெனியில் சட்டையைப் பார்ப்பது போல, முனையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தன் பக்கத்தை விரலால் தடவினாள். என் பக்கத்தைத் தடவினாள், மூலையைத் தப்பவிட்டு இரண்டு வரியும் சந்தித்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். சரோஜம்மாளின் பக்கம் வந்தபோது மூக்கின்மேல் இல்லாத கண்ணாடியைக் கழற்றுவது போல ஒரு பாவனை காட்டினாள். நான் அதற்குச் சிரித்தேனா என்று நினைவில்லை.

கடைசியாக டெல்சியின் பக்கம். விரல் மெதுவாகப் போனது. ஒரு வளைவு மேலே. ஒரு வளைவு கீழே. மறுபடி அதே அளவு மேலே. அதே அளவு கீழே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டு ஓரத்தில் போடும் அலை போல, ஒன்றுக்கொன்று நூல் பிசகாமல் வரிசையாக ஓடியது.

அவள் ஒரு சிவப்பு அம்பை உரித்து, விரல் ஆட ஆட, அதன்மேல் ஒட்டினாள். டெல்சியின் தையலில் விழுந்த முதல் அம்பு.

"அதுல என்னடி தப்பு?" என்றேன்.

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு ஹாலில் ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பினாளே, அதே பார்வை.

"டீச்சருக்குக் கோணலா தெக்கவே வரலக்கா. அன்னிக்கு அத பாத்துட்டுதான் திரும்ப ஊசிய எடுத்தேன். நானும் வராம நின்னுட்டா அவங்களுக்கு யாரு கத்துக் குடுக்கறது?"